புதிய கருவியும் பொதுமக்கள் குரலும்



சந்தையில் மண்பானை வாங்கும் நம் அன்னையரைக் கவனித்திருக்கிறீர்களா? பானையைக் கையில் எடுப்பார்கள். சுற்றிலும் திருப்பிப் பார்ப்பார்கள். விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்று ஒலித்தால்தான் விலையே பேசுவார்கள். கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் அவர்கள் காது பானையின் ஒலியைத்தான் நம்பும்.

கணிப்பொறியும் கைபேசியும் நம்மிடம் வரும் முறை வேறு. பொருள் கடைக்கு வருவதற்கு வாரங்கள், சில வேளை மாதங்கள் முன்னதாகவே அதைப் பற்றிய அறிவிப்பு வந்துவிடுகிறது. பெரிய அரங்கம், வண்ண விளக்குகள், மேடையில் ஒருவர், அவர் கையில் பளபளக்கும் கருவி. உலகம் முழுவதும் அதைப் பார்க்கிறது. ஆனால் தட்டிப் பார்க்க முடியாது! தொட்டுப் பார்க்காத அந்தப் பொருளைப் பற்றி அன்றே ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சிலர் வியக்கிறார்கள், சிலர் ஏளனம் செய்கிறார்கள், சிலர் குறை கூறுகிறார்கள், சிலர் பேசாமல் காத்திருக்கிறார்கள். இந்த நான்கு வகைக் குரல்களில் எதை நம்புவது? வரலாற்றில் நடந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

ஏன் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள்?

ஒரு கருவியை முன்னதாக அறிவிப்பதற்குக் காரணங்கள் பல உண்டு. அந்தக் கருவியில் இயங்கும் செயல்முறைகளை எழுதுவோர் ஆயத்தமாக வேண்டும். அரசின் அனுமதி பெற விண்ணப்பித்தால் செய்தி எப்படியும் வெளியே கசிந்துவிடும். அதற்குமுன் தாமே சொல்லிவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் மனத்தில் ‘இது நமக்கும் வேண்டும்’ என்ற ஆசையை விதைக்க வேண்டும்.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ‘ஆஸ்பார்ன் 1’ என்னும் கணிப்பொறி வெளிவந்தது. விலை 1,795 டாலர். எடை ஏறக்குறைய 11 கிலோ. இன்று நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணிப்பொறி என்று அன்று மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். பிறகு அந்த நிறுவனம் இதைவிடச் சிறந்த கருவி வரப்போகிறது என்பதை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டது. ‘புதியது வரட்டும், பொறுப்போம்’ என்று பலர் பழையதை வாங்காமல் நிறுத்திக்கொண்டார்கள். 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். எனினும், அறிவிப்பினால் விற்பனை படுத்துவிடுவதை இன்றும் ‘ஆஸ்பார்ன் விளைவு’ என்றே அழைக்கிறார்கள். பொதுமக்கள் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தாலே ஒரு தொழிற்சாலை ஆட்டம் காணும் என்றால், நம் பொறுமைக்கு எவ்வளவு வலிமை பாருங்கள்!

வியப்பு

1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ‘பிக்சர்ஃபோன்’ என்ற தொலைபேசி காட்டப்பட்டது. பேசுகிறவரின் முகமும் அதில் தெரியும்! பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். அதே ஆண்டு நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ ஆகிய நகரங்களில் அதற்கெனத் தனிச் சாவடிகள் அமைத்தார்கள். மூன்று நிமிடம் பேச 16 டாலர் முதல் 27 டாலர் வரை கட்டணம். பின்னர் 1970 ஜூலையில் பிட்ஸ்பர்க் நகரில் அலுவலகங்களுக்கு இந்த இணைப்பைக் கொடுத்தார்கள். மாதக் கட்டணம் 160 டாலர்.

வியந்த மக்கள் வாங்கினார்களா? இல்லை. திட்டம் தோல்வி அடைந்தது. விலை ஒரு காரணம். நம்மிடம் இருந்தும் நம் உறவினரிடம் இல்லையென்றால் யாருடன் பேசுவது என்பது இன்னொரு காரணம். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் தலைசீவி முகம் கழுவி நிற்க யாருக்கு விருப்பம் என்பதும் ஒன்று!

ஆனால் 2020இல் பெருந்தொற்று வந்தபோது என்ன நடந்தது? பள்ளிக்கூடம், திருப்பலி, திருமணம், மருத்துவர் ஆலோசனை எல்லாமே முகம் பார்த்துப் பேசும் திரைக்கு வந்தன. அந்த ஆண்டு அது வியப்புக்குரிய பொருளாக இருக்கவில்லை, தேவையாகிவிட்டது. வியப்பு வேறு, தேவை வேறு என்பதை இதனால் அறிகிறோம். கைதட்டுகிற கூட்டமெல்லாம் வாங்குகிற கூட்டம் அல்ல.

ஏளனம்

2007 ஜனவரி 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோன் கருவியை அறிவித்தார். அக்காலத்தில் அலுவலகப் பணியாளர்கள் விரும்பிய கைபேசிகளில் சின்னச் சின்னப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஐஃபோனிலோ எழுத்துப் பொத்தான்களே இல்லை. முழுவதும் கண்ணாடித் திரை. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துடன் விலை 499 டாலர், 599 டாலர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்த ஸ்டீவ் பால்மர், ஒரு பேட்டியில் இந்த விலையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்; பொத்தான் இல்லாத கருவி வணிகர்களுக்குப் பிடிக்காது என்றார். ஜூன் 29இல் விற்பனை தொடங்கியது. 74 நாட்களில் பத்து இலட்சம் கருவிகள் விற்றன.

2016 செப்டம்பரில் வந்த ஐஃபோன் 7இல், பாட்டுக் கேட்கும் கம்பியைச் செருகும் வட்டத் துளை இல்லை. பழைய செவிக்கருவிகளை என்ன செய்வது என்று மக்கள் கோபப்பட்டார்கள். போட்டி நிறுவனமாகிய சாம்சங் தன் விளம்பரங்களில் இதைக் கேலி செய்தது. 2019 ஆகஸ்டில் அதே சாம்சங் வெளியிட்ட ‘நோட் 10’ கருவியிலும் அந்தத் துளை இல்லை! நேற்று சிரித்த வாய் இன்று மூடிக்கொண்டது.

ஆகவே ஏளனத்தை அப்படியே நம்பிவிட முடியாது. சிரிப்பவர் போட்டியாளராக இருக்கலாம். அல்லது பழக்கத்தை விட மனமில்லாதவராக இருக்கலாம். பழக்கம் நம் கண்ணை மறைக்கும் திரை அல்லவா?

குறை கூறல்

ஏளனத்துக்கும் குறை கூறலுக்கும் வேறுபாடு உண்டு. ஏளனம் செய்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். குறை கூறுபவர் காரணத்தைச் சொல்லி, மாற்றத்தைக் கேட்பார்.

1984 ஜனவரி 24இல் மெக்கின்டாஷ் கணிப்பொறி மேடையில் தானே பேசித் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் 2,495 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, அதன் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. ஒரே ஒரு வட்டு இயக்கி இருந்ததால், ஒரு வட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படி எடுக்கப் பலமுறை மாற்றி மாற்றிச் செருக வேண்டியிருந்தது. மக்கள் முறையிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நான்கு மடங்கு நினைவகத்துடன் புதிய மெக்கின்டாஷ் வந்தது.

விலையைப் பற்றிய குறையும் கேட்கப்பட்டிருக்கிறது. ஐஃபோன் விற்பனைக்கு வந்து பத்து வாரம்கூட ஆகவில்லை. 2007 செப்டம்பர் 5இல் 599 டாலர் கருவியின் விலையை 399 டாலராகக் குறைத்தார்கள். வரிசையில் நின்று முதலில் வாங்கியவர்கள், “நம்பி வந்த எங்களுக்கு இதுதான் பரிசா?” என்று குமுறினார்கள். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் வெளியிட்டு, முன்பு வாங்கியவர்களுக்கு நூறு டாலர் மதிப்புள்ள வரவு வழங்குவதாக அறிவித்தார்.

நம் நாட்டுக்கு ஐஃபோன் 2008 ஆகஸ்ட் 22இல் வந்தது. குறைந்த விலையே 31,000 ரூபாய். அமெரிக்காவில் அதே கருவி 199 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு என்று படித்தவர்கள் திகைத்தார்கள். அங்கே தொலைபேசி நிறுவனம் விலையின் ஒரு பகுதியைத் தான் ஏற்று, இரண்டு ஆண்டு மாதக் கட்டணத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே வாங்குபவரே முழு விலையையும் கொடுக்க வேண்டியிருந்தது. மேடையில் சொல்லும் விலையை மட்டும் கேட்டால் போதாது, அதன் பின்னால் உள்ள நிபந்தனையையும் படிக்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

அண்மையில் நடந்த ஒன்றையும் கூறுகிறேன். 2024 மே 20இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘ரீகால்’ என்ற வசதியை அறிவித்தது. கணிப்பொறித் திரையில் நாம் செய்வதை எல்லாம் சில நொடிக்கு ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு மறந்ததைத் தேடலாம். நல்ல வசதிதானே? ஆனால் பாதுகாப்பு வல்லுநர்களும் பொதுமக்களும், நம் கடிதங்களும் வங்கிக் கணக்கும் அதில் பதிந்துவிடுமே, திருடன் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். நம் நாட்குறிப்பை யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பது போன்ற நிலை அது. அடுத்த மாதமே, பயனர் விரும்பி இயக்கினால் மட்டுமே அது செயல்படும் என்று மாற்றினார்கள். வெளியீட்டையும் தள்ளி வைத்தார்கள். கூடுதல் காவலுடன் அது பொதுவாக வெளிவந்தது 2025 ஏப்ரலில்தான்.

ஐந்து வகை மக்கள்

எவரெட் ரோஜர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், புதுமை எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றி 1962இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் அயோவா மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர். புதிய விதைகளை உழவர்கள் எப்படி ஏற்றார்கள் என்பதிலிருந்தே இந்த ஆராய்ச்சி வளர்ந்தது. அவர் மக்களை ஐந்தாகப் பிரித்தார். துணிந்து முதலில் ஏற்பவர் 2.5 விழுக்காடு. அடுத்து விரைவில் ஏற்பவர் 13.5 விழுக்காடு. பார்த்து ஏற்பவர் 34 விழுக்காடு. ஐயத்துடன் தாமதமாக ஏற்பவர் 34 விழுக்காடு. கடைசியில் வருபவர் 16 விழுக்காடு.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. புதிய கைபேசி வந்த அன்றே வாங்கும் அண்ணன் ஒருவர் உண்டு. அவரிடம் கேட்டுவிட்டு வாங்குபவர்கள் பலர். ஆனால் கடைசியில் வருபவர்களைப் பற்றி நான் ஒரு தவறான எண்ணம் வைத்திருந்தேன். அவர்கள் புதுமையை வெறுப்பவர்கள், பழம்போக்கு உடையவர்கள் என்று நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் என் பாட்டி.

பாட்டியின் ஐந்தாம் எண்

என் பாட்டிக்குச் சர்க்கரை நோயால் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் பழைய பொத்தான் கைபேசியில் தாமே எண்களை அழுத்திப் பேசுவார். எப்படி என்கிறீர்களா? அந்தக் கைபேசியில் 5ஆம் எண் பொத்தானின்மேல் சிறு மேடு ஒன்று இருக்கும். விரலால் அதைக் கண்டுபிடித்துவிட்டால் மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. கண் இல்லாவிட்டாலும் விரலுக்கு வழி தெரியும். தினமும் மாலை செபமாலை முடிந்ததும் தம் தங்கைக்குப் பேசுவார்.

அந்தக் கைபேசி பழுதடைந்தது. கிறிஸ்மஸ் சமயத்தில் அப்பா புதிய தொடுதிரைக் கைபேசி ஒன்று வாங்கிக் கொடுத்தார். பாட்டி அதை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, “இதென்ன அம்மாடி, சிலேட்டு மாதிரி வழுவழுன்னு இருக்கு? அஞ்சு எங்கே இருக்கு?” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் தங்கையிடம் பேச வேண்டுமானால் பாட்டி எங்களைத்தான் கேட்க வேண்டும். “சின்னப் பாட்டிக்குப் போட்டுக் குடும்மா” என்பார். “இருங்க பாட்டி, படிச்சிட்டு இருக்கேன்” என்பேன். பிறகு மறந்துவிடுவேன். சில வாரங்களில் பாட்டி கேட்பதையே நிறுத்திவிட்டார். புதுமையைப் பாட்டி வெறுக்கவில்லை. புதுமைதான் பாட்டியை மறந்துவிட்டது.

இதே குறையைத்தான் 2007இல் பார்வையற்றோர் பலர் உலகுக்குச் சொன்னார்கள். கூட்டம் வழுவழுப்பான திரையைப் பார்த்துக் கைதட்டியபோது, பொத்தான் போய்விட்டால் நாங்கள் எதைத் தொட்டு வழி அறிவது என்று அவர்கள் கேட்டார்கள். முதல் ஐஃபோனில் அதற்கு விடை இல்லை. அவர்களுடைய சங்கங்கள் ஓயவில்லை. 2008 செப்டம்பரில் ஐடியூன்ஸ் சேவையைப் பார்வையற்றோரும் பயன்படுத்தும்படி செய்ய, அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பும் மாசசூசெட்ஸ் மாநில அரசு வழக்கறிஞரும் அந்த நிறுவனத்துடன் உடன்பாடு கண்டனர். 2009 ஜூனில் ‘ஐஃபோன் 3ஜிஎஸ்’ வந்தபோது ‘வாய்ஸ் ஓவர்’ என்ற வசதி அதிலேயே சேர்ந்து வந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் அதே ஆண்டு ‘டாக்பேக்’ வந்தது.

அது செயல்படும் விதம் எளியது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கைபேசி வாய்விட்டுச் சொல்லும். ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும். இருமுறை தட்டினால்தான் அந்தச் செயல் நடக்கும். ஆகவே தவறித் தொட்டாலும் அச்சமில்லை. தமிழிலும் அது வாசிக்கும்.

எங்கள் பள்ளிக்கு வந்திருந்த பார்வையற்ற ஆசிரியை ஒருவர் தம் கைபேசியை இப்படி உபயோகிப்பதைக் கண்டேன். தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவர் அன்போடு கற்றுக்கொடுத்தார். அன்று மாலையே பாட்டியின் கைபேசியில் அந்த வசதியை இயக்கினேன். முதலில் அது பேசப் பேசப் பாட்டி பயந்து கையை எடுத்துக்கொண்டார். பத்து நாள் ஆயிற்று. ஒரு மாலை செபமாலை முடிந்தபின் அறைக்குள்ளிருந்து பாட்டியின் குரல் கேட்டது: “ஆமாடி, நானேதான் போட்டேன். யாரும் போட்டுக் குடுக்கலே.”

இரண்டு விவிலிய மாந்தர்

நற்செய்தியில் வரும் இருவரை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். ஒருவர் நம் மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்று நாம் மரபாக நம்பும் புனித தோமையார். பிறர் சொன்னதை அவர் உடனே ஏற்கவில்லை. தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. தொட்டுப் பார் என்று கையை நீட்டினார். விசுவாசத்தில் காணாமல் நம்புவது பேறு. ஆனால் கடைச் சரக்கில் தொட்டுப் பார்த்து நம்புவதே அறிவு!

மற்றவர் எரிகோ நகர வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயு. அவர் உரக்கக் கூப்பிட்டபோது கூட்டம் அவரைப் பேசாதிருக்கும்படி அதட்டியது. இயேசுவோ நின்றார். அவரை அழைத்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரையே கேட்டார். புதுக் கருவி செய்பவர்களும், அதை வாங்கிக் கொடுக்கும் நாமும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே அன்றோ! அப்பாவும் நானும் அன்று பாட்டியிடம் அதைக் கேட்கவில்லை.

முடிவுரை

தோழியரே! நாளை ஒரு புதிய கருவி அறிவிக்கப்படும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இது நமக்கு வியப்பா, தேவையா? சொல்லப்படும் விலையில் மறைந்திருக்கும் நிபந்தனை என்ன? நம்மைப் பற்றிய எந்தச் செய்தியை இது எடுத்துக்கொள்கிறது? நம் வீட்டில் இதைப் பயன்படுத்த முடியாதவர் யார்? விடை தெரியும் வரை காத்திருந்தால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

கைதட்டும் ஓசை எப்போதும் பெரிதாகக் கேட்கும். வழியோரத்தில் இருந்து வரும் ஒற்றைக் குரல் மெதுவாகத்தான் கேட்கும். ஐஃபோனின் வரலாற்றிலும் எங்கள் வீட்டிலும் கருவியைத் திருத்தியது அந்த ஒற்றைக் குரல்தான். அதற்குச் செவி கொடுக்கும் பெண்களாக நாம் வளர்வோம். உங்களில் சிலர் நாளை பொறியாளராகிப் புதிய கருவிகளைச் செய்வீர்கள். அப்போது ஐந்தாம் எண்ணின்மேல் அந்தச் சிறு மேட்டை வைக்க மறவாதீர்கள்!